தொட்டுப் பார்த்துச் சொன்ன உமர் காக்கா

இருட்டறைக்குள் நின்று படம் கழுவிக்கொண்டிருந்தபோது பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. மர்ஹூம் ஆதம்லெவ்வை அவர்களின் மகன் முகம்மது உமர்லெவ்வை வபாத்தாகிவிட்டார்கள் என்று மரணச் செய்தி சொன்னது. எந்த உமர்லெவ்வை என்று எனக்கு உடனே பிடிபடவில்லை. எங்கள் பக்கத்தில் அந்தப் பெயரில் பலர் இருக்கிறார்கள். அஸர் தொழுகைக்குப் பிறகு நல்லடக்கம் என்று சொல்லி ஒலிபெருக்கி ஓய்ந்தது. கையில் இருந்த படத்தைத் தண்ணீருக்குள் திருப்பிப் போட்டேன். அப்போதுதான் கடை வாசலில் யாரோ வந்து நின்று, "தம்பி ஹாஸிம், நம்மட குவைத் உமராம்" என்று குரல் கொடுத்தார்.

உங்களில் பெரும்பாலானோர் அவரைக் குவைத் உமர் என்றுதான் அறிவீர்கள். கல்முனைப் பிரதான வீதியில் அவருடைய சலூனில் தலையைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடி இருந்திருப்பீர்கள். நான் அவருக்குப் பக்கத்துக் கடைக்காரன்; அண்ணன் முறை வைத்து உமர் காக்கா என்று கூப்பிடுவேன். என்னுடைய ஸ்டூடியோவும் அவருடைய சலூனும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. நடுவில் பலகைச் சுவர், அதில் ஒரு வாசல், வாசலில் கதவுக்குப் பதில் ஒரு பச்சைத் திரைச்சீலை. அங்கே தலை சீராக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து படம் எடுப்பார்கள். இப்படித்தான் தொண்ணூறுகள் முழுவதும் நாங்கள் இருவரும் அடுத்தடுத்து நின்று பிழைத்தோம். செய்தி கேட்ட அன்று நான் திரையை விலக்கிப் பார்த்தேன். நாற்காலியில் வெள்ளைத் துணி மடித்து வைத்திருந்தது. நெஞ்சு நோவென்று இரண்டு நாளாக அவர் வரவில்லை.

குவைத்தில் சண்டை மூண்டபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவந்தவர்களில் அவரும் ஒருவர். பாலைவனத்தில் கூடாரத்துக்குள் கிடந்து, பிறகு விமானம் ஏறி, ஒரு தோள்பையோடு ஊர் வந்து சேர்ந்தார். பைக்குள் கத்தரிக்கோல்களும் சில சின்னத் தகர வெக்ஸ் பேணிகளும் இருந்தன. தலைமுடிக்குப் பூசுகிற மெழுகைத்தான் வெக்ஸ் என்றார். அதுவரை எங்கள் ஊர் ஆண்களுக்குத் தேங்காயெண்ணெயைத் தவிர வேறொன்றும் தெரியாது. அவர் வேலை செய்த சலூனுக்கு மிஸ்ரிகள் என்கிற எகிப்துக்காரர்கள், பலஸ்தீனர்கள், இந்தியர்கள், பிலிப்பைன்காரர்கள் என்று எல்லா நாட்டுத் தலையும் வருமாம். "உலகத்துல உள்ள முடியெல்லாம் என்ட கையால போயிருக்கு தம்பி" என்பார். அதில் பெருமையைவிடக் களைப்புத்தான் அதிகம் தெரியும்.

முதல் முதலில் வெக்ஸ் வைக்க வந்தவர் சங்கக்கடை மனேஜர் ஒருவர். மகளின் கலியாணத்துக்குக் குடும்பப் படம் எடுக்க வந்திருந்தார். தலையில் எண்ணெய் வழிந்தது. உமர் காக்கா முதலில் சவர்க்காரம் போட்டுக் கழுவச் சொன்னார். மனேஜருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நான் வீட்ட குளிச்சிட்டுத்தான் வந்த."

"குளிச்சது ஒங்கட ஒடம்பு காக்கா. தலை இன்னும் எண்ணெய்க்குள்ளதான் கிடக்கு. எண்ணெய்க்கு மேல வெக்ஸ் நிக்காது."

கழுவிவிட்டுப் பார்த்தால் மெல்லிய, பூனை மயிர்போன்ற முடி. உச்சியில் முடி கொட்டி வெளித்துப்போயிருந்தது. உமர் காக்கா பேணிக்குள் நகத்தை விட்டு ஒரு பச்சைப்பயறு அளவு எடுத்தார். இரண்டு உள்ளங்கையும் பளபளக்கும்வரை தேய்த்தார். "உள்ளங்கையில உருகாத வெக்ஸ் தலையில போய் உருகாது" என்றார். நெற்றியில் தொடவே இல்லை. பின்னந்தலையிலிருந்து விரல்களை முன்னுக்குக் கொண்டுவந்து, கடைசியில் கையில் ஒன்றுமே மிஞ்சாதபோதுதான் முன்முடியைத் தூக்கிவிட்டார். வெளித்த இடம் எங்கே போனதென்று தெரியவில்லை. மனேஜர் கண்ணாடியை விட்டு எழும்ப மறுத்தார்.

அதன்பிறகு சனம் வரத் தொடங்கியது. நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துப் பார்த்தே சிலதைத் தெரிந்துகொண்டேன். தடித்து முள்ளுப்போல நிற்கிற நேர்முடிக்குக் கடின வெக்ஸை வேரிலிருந்து ஏற்றுவார். மெல்லிய முடிக்கு மணம் வருகிற அளவுக்குத்தான். சுருட்டை முடியென்றால் முதலில் ஈரப்படுத்தி, மென்மையான வெக்ஸை நுனிகளுக்கு மாத்திரம் வைத்து, பிட்டு மா பிசைகிற மாதிரிக் கைக்குள் பொத்திப் பொத்தி விடுவார். "சுருட்டைக்காரனுக்குச் சீப்பக் காட்டப்படாது. காட்டினா அந்த முடி உன்னோட சண்டைக்கு வரும்." இது அவர் அடிக்கடி சொன்னது. வெக்ஸ் கூடினால் என்னுடைய பிளாஷ் வெளிச்சத்தில் தலை வெள்ளையாகத் தெறிக்கும். அப்படித் தெறித்தால் திரைக்கு அந்தப் பக்கம் ஆளைத் திருப்பி அனுப்புவேன். அவர் முகம் சுளிக்காமல் துவாயால் துடைத்துவிடுவார்.

இனி நான் எழுதவேண்டியதை எழுதுகிறேன். இதை அறிந்தவர்கள் ஊரில் பலர் இருக்கிறீர்கள். ஆனால் கதை வாய்க்கு வாய் மாறிவிட்டது. நான் கூடப் போனவன் என்பதால் நடந்தபடி சொல்லவேண்டும்.

சாய்ந்தமருதில் சபீக், றிஸ்வான் என்று இரண்டு பேர். பெரியம்மா, சின்னம்மா பிள்ளைகள். இரண்டு பேரும் கடலுக்குப் போகிறவர்கள். உயரமும் உடம்பும் ஒரே அச்சு. சபீக் மரியம் மாமிக்கு ஒரே மகன். தகப்பன் இல்லை. றிஸ்வான் முந்திய வருடம்தான் நஸீராவைக் கலியாணம் செய்திருந்தான். அவள் வயிற்றில் பிள்ளை. இருவரும் கூட்டாக ஓர் இன்ஜின் தோணி வாங்கினார்கள். அந்தச் சந்தோசத்தில் படம் எடுக்க வந்தார்கள்.

சபீக்குக்குச் சுருட்டை முடி. றிஸ்வானுக்கு நேரானது, தடித்தது. சபீக் நாற்காலியில் ஏறி இருந்துகொண்டு சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"காக்கா, ரெண்டு பேருக்கும் ஒரே ஸ்டைல் வேணும். பாக்கிறவன் எது நான், எது அவன் எண்டு கேக்கோணும்."

"ஆண்டவன் வேற வேறயாப் படைச்சத நான் ஒண்டாக்கட்டோ?"

"ஆக்கித் தாங்க காக்கா. படத்துக்குத்தானே."

உமர் காக்கா சிரித்துக்கொண்டே செய்தார். சபீக்கின் சுருளை ஈரத்தோடு இழுத்து, நுனியில் வெக்ஸ் கொடுத்து, அலையாக்கினார். றிஸ்வானின் நேர்முடியை வேரிலிருந்து கடின வெக்ஸால் வளைத்து அதே அலையை எழுப்பினார். முடிந்தபோது கண்ணாடிக்குள் இரண்டு தலை ஒரே தலையாக இருந்தது. அவர்கள் தோளில் தோள் போட்டு நின்றார்கள். நான் படம் எடுத்தேன்.

அடுத்த நாள் கடலுக்குப் போனவர்கள் திரும்பி வரவில்லை. வாடைக் காற்று தொடங்கியிருந்த காலம். மற்றத் தோணிகள் தேடிப் போய், ஒரு பலகையும் குடிதண்ணீர் கொண்டுபோன பிளாஸ்டிக் கானும் கண்டு திரும்பின. கடற்கரையில் சனம் கூடி நின்றது. மரியம் மாமி மண்ணில் குந்தியிருந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். நஸீராவை வீட்டுக்குள் வைத்திருந்தார்கள்.

சில நாள் கழித்து அக்கரைப்பற்று வியாபாரி ஒருவர் மூலம் சேதி வந்தது. தெற்கே வினாயகபுரம் என்ற தமிழ் ஊரில் ஒரு பிரேதம் ஒதுங்கியிருக்கிறது, முஸ்லிம் ஆள்தான் என்று அங்குள்ள மீன்பிடிகாரர்கள் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். தமிழர் ஊருக்கு முஸ்லிம்களும் முஸ்லிம் ஊருக்குத் தமிழர்களும் போக அஞ்சிக் கிடந்த வருடங்கள் அவை. போகலாமா என்று பள்ளிவாசலில் கதைத்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்த மரைக்கார் ஒருவர், நஸீராவின் வாப்பா சீனிமுகம்மது காக்கா, உமர் காக்கா, நான் என்று நான்கு பேர் வேனில் ஏறினோம். கடைசியாக அவர்களின் தலையைத் தொட்டவர் என்பதால் உமர் காக்காவைக் கூப்பிட்டார்கள். என் கையில் அந்தப் படம் இருந்தது. சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, திருக்கோவிலையும் தாண்டிப் போய்ச் சேர்ந்தோம்.

அங்கே வைரமுத்து என்று ஒரு பெரியவர் எங்களை எதிர்கொண்டார். பிரேதத்தைத் தென்னோலையால் மூடி, நாய் அணுகாமல் ஆள் மாறி ஆள் காவல் இருந்திருக்கிறார்கள்.

"நாங்க அடக்கியிருப்பம் தம்பி. ஆனா உங்கட முறை வேறதானே. அதான் சொல்லி அனுப்பின" என்றார்.

 மரைக்கார் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

ஓலையை விலக்கினார்கள். முகத்தைக் கடல் விட்டுவைக்கவில்லை. உடுத்திருந்தது சாரத்தின் ஒரு கிழிசல். தலைமுடி மண்ணும் உப்பும் வெக்ஸுமாகக் கட்டிபட்டு மண்டையோடு ஒட்டிக்கிடந்தது. மரைக்கார் என்னிடமிருந்து படத்தை வாங்கி, படத்தையும் பிரேதத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுல ரெண்டு தலையும் ஒண்டாத்தானே கிடக்கு" என்றார்.

 உமர் காக்கா மண்ணில் முழங்காலிட்டு, ஒட்டிக்கிடந்த முடியின் அடியில் விரலை விட்டார். பிறகு நுனிகளை எடுத்துப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து உருட்டினார். திரும்பவும் அடி, திரும்பவும் நுனி. பிறகு தலையைத் தூக்கி, அங்கே நின்ற ஒரு பெண்ணிடம், "அக்கா, கொஞ்சம் சுடுதண்ணி கிடைக்குமா? சவர்க்காரமும் வேணும்" என்றார்.

"ஓம் தம்பி, பொறுங்க" என்று அவர் ஓடிப்போய்த் தேத்தண்ணிக் கேத்தலோடு வந்தார்.

நான் உமர் காக்கா எத்தனையோ தலை கழுவப் பார்த்திருக்கிறேன். அன்றும் அப்படியேதான் கழுவினார். இடது கையை நெற்றியில் குவித்துப் பிடித்திருந்தார். வாடிக்கையாளரின் கண்ணுக்குள் சவர்க்காரத் தண்ணீர் போகாமல் அவர் எப்போதும் அப்படித்தான் பிடிப்பார். அங்கே கண்ணே இருக்கவில்லை. நான் கடலைப் பார்த்துக்கொண்டு திரும்பி நின்றுவிட்டேன். மீண்டும் திரும்பியபோது வெக்ஸ் போய்விட்டிருந்தது. அந்த முடி அவருடைய விரல்களைச் சுற்றிச் சுருண்டு கிடந்தது.

அவர் எழும்பினார். சீனிமுகம்மது காக்காவைத் தனியாக அழைத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போனார். என்னையும் கூப்பிட்டார். சாட்சிக்கு ஓர் ஆள் வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

"இது சபீக், காக்கா. ஒங்கட மருமகன் இல்ல."

 சீனிமுகம்மது காக்கா உமர் காக்காவின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உமர், என்ட மகளுக்கு இன்னும் இருவது வயசும் ஆகல்ல. வயித்துல புள்ள. மையித்து கிடைக்காட்டி அவ என்ன கணக்கு? தாலி கட்டினவன் இருக்கானா, இல்லயா? மௌத்தானவனுக்கு இத்தா இருந்து துக்கம் காக்கிறதா, வருவான் எண்டு பாத்திட்டு இருக்கிறதா? நீ ஒரு சொல்லுச் சொன்னாப் போதும். இது றிஸ்வான் எண்டு சொல்லு. ஒருத்தருக்கும் தெரியா. மரியத்துக்கு என்ன, மகன் எங்கயோ கரை ஏறி இருக்கான் எண்டு நெனச்சிட்டு இருப்பா."

தகப்பன் ஒருவர் கேட்கக்கூடியதுதான். இன்றைக்கும் அவரை நான் குறையாக நினைக்கவில்லை. உமர் காக்காவும் நினைக்கவில்லை. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அழுதுகொண்டு நின்ற அந்த மனிதரை நேராகப் பார்த்துச் சொன்னார்:

"ஏலா, காக்கா. இவன்ட உம்மா அங்க கடற்கரையில இருக்கா. இவனக் கொண்டு போய் நான் வேற ஒரு வாசல்ல எறக்க ஏலா."

சபீக்கை வேனில் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். நிந்தவூர் தாண்டும்போது உமர் காக்கா என் காதருகே குனிந்து, "தம்பி, எனக்கு மட்டும்தானா, ஒனக்கும் அந்த வெக்ஸ் வாசம் வருதா?" என்று கேட்டார். எனக்கு வரவில்லை. வருகிறது என்றேன்.

மரியம் மாமி முகத்தைப் பார்க்கவேண்டும் என்று நின்றார். "மொகத்தப் பாக்காதீங்க மாமி, தலையத் தொடுங்க" என்றார் உமர் காக்கா. மாமி மையித்தைச் சுற்றியிருந்த கபன் துணிக்குள் கையை விட்டார். விரல் முடியில் பட்டதும், "என்ட மனே" என்று ஒரே ஒரு சத்தம். அதற்குமேல் யாருக்கும் சந்தேகம் இருந்திருக்கக்கூடாது. ஆனால் ஊர் கதைத்தது. எந்தத் தலையைத் தொட்டாலும் தாய் தன்னுடைய மகன் என்றுதான் சொல்லுவாள் என்றார்கள். கடலுக்குள் கிடந்தால் எந்த முடியும் சுருளும் என்றார்கள்.

நஸீராவுக்கு ஒரு பெண் பிள்ளை பிறந்தது. அதன்பிறகு அவள் என்னுடைய ஸ்டூடியோவுக்கு வரத் தொடங்கினாள். முதல் தடவை வந்தது படத்துக்காக. இரண்டு பேர் நின்ற படத்திலிருந்து றிஸ்வானைத் தனியாகப் பெரிதாக்கித் தரச் சொன்னாள். எவ்வளவு முயன்றும் தோளில் கிடந்த சபீக்கின் விரல்களை என்னால் எடுக்க முடியவில்லை. படத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத் திரைச்சீலைப் பக்கம் திரும்பி, "உமர் காக்கா இருக்காரா?" என்றாள். ஆண்களின் சலூனுக்குள் அவள் போகமுடியாது. அவர் திரைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"காக்கா, கையால தொட்டுப் பாத்துத்தான் சொன்னீங்களா?"

"ஓம் தங்கச்சி. தொட்டுப் பாத்துத்தான் சொன்ன."

"அவருக்கும் குளிச்சிட்டு வந்தாக் கொஞ்சம் சுருளும் காக்கா."

"இல்ல தங்கச்சி."

அவள் போய்விடுவாள். சில மாதம் கழித்துத் திரும்ப வருவாள். அதே கேள்வி, அதே பதில். ஒருமுறையாவது அவர் எரிச்சல்பட்டோ, இழுத்தோ சொல்லி நான் கேட்கவில்லை. ஆனால் அவள் போன பிறகு நாற்காலியில் இருக்கிறவரின் தலையில் கையை வைத்தபடி வெகுநேரம் அசையாமல் நிற்பார். "காக்கா, வெட்டுங்க" என்று வாடிக்கையாளர்தான் சொல்லவேண்டி வரும்.

ஒருநாள் அவருடைய சலூனின் பின் யன்னலோரம் வரிசையாகக் கோப்பைத் தட்டுகளைக் கண்டேன். ஒவ்வொன்றிலும் தண்ணீர், அதற்குள் வெட்டிய முடிக்கற்றை. பக்கத்தில் ஒரு சீசா. என்ன காக்கா இது என்றேன்.

"கடல்தண்ணி. நேர் முடிதான் எல்லாம். வெக்ஸ் வெச்சு ஊறப்போட்டிருக்கன்."

"சுருண்டிச்சா?"

"இல்ல. ஒண்டும் சுருளல்ல."

"மறுகா என்னத்துக்குத் திரும்பத் திரும்பப் போடுறீங்க?"

அவர் ஒரு கற்றையைத் தூக்கிச் சொட்டவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒருவேள ஒண்டு சுருண்டா நான் போய் அந்தப் புள்ளைக்கிட்டச் சொல்லலாமே" என்றார்.

அந்தத் தட்டுகள் அதன்பிறகு ஒருநாளும் யன்னலிலிருந்து போகவில்லை. பெரியம்மை வந்துபோனவர்களின் முகத்தில்போல அவருக்குள் அந்தக் கடற்கரை தழும்பாகிவிட்டது. கடலுக்குப் போகிறவர் எவருக்கும் அவர் வெக்ஸ் வைப்பதை நிறுத்தினார். மருதமுனையிலிருந்து ஒரு மாப்பிள்ளைப் பொடியன் கூட்டாளிகளோடு வந்து, கலியாணத்துக்கு வெக்ஸ் வைக்கச் சொல்லிப் பிடிவாதமாக நின்றான். நெசவுக்குப் போகிறவன் என்றுதான் முதலில் சொன்னான். கழுத்தில் உப்பு வெயில் சுட்ட கருமையைக் கண்டுவிட்டு உமர் காக்கா பேணியை மூடினார். "நல்லா வெட்டித் தாறன் மனே, வடிவாச் சீவித் தாறன். வெக்ஸ் கேக்காத" என்றார். கூட்டாளிகள் சிரித்தார்கள். அவர் பேணியை அலமாரிக்குள் வைத்துப் பூட்டியதைக் கண்டதும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள்.

நஸீராவின் மகள் நடந்து கதைக்கிற வயதுக்கு வந்திருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நஸீரா வந்தாள். பிள்ளையின் தலை நனைந்திருந்தது. வரும் வழியில் என்னுடைய கடைக்குப் பின்னாலிருந்த குழாயடியில் அவளே நனைத்திருக்கிறாள். என்னிடம் ஒன்றும் சொல்லாமல் நேராகத் திரையடிக்குப் போய், பிள்ளையை அந்தப் பக்கம் தள்ளிவிட்டாள்.

"தொட்டுப் பாருங்க காக்கா. வாப்பாட முடிதான் இவளுக்கு. காய்ஞ்சா நேராக் கிடக்கும், நனைஞ்சாச் சுருளுது. தொட்டுப் பாருங்க."

நான் திரையின் ஓரத்தால் பார்த்தேன். உமர் காக்கா குந்தியிருந்து பிள்ளையின் தலையில் கை வைத்தார். ஈர முடி அலையலையாக அவருடைய விரலில் ஏறியது. அவருடைய முகம் வெளிறியதைக் கண்டேன். பிள்ளை கண்ணாடியில் தன்னைப் பார்த்துக் கெக்கலித்துக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் நஸீரா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாகும்வரை இனி இந்த மனிதருக்கு நிம்மதி இல்லை என்று நான் நினைத்தேன்.

கடைசியில் அவருடைய குரல் வந்தது. மிகவும் மெதுவாகக் கேட்டார்.

"தங்கச்சி, புள்ளைக்கு உம்மாட முடியும் வரும். ஒங்கட முடிய நான் பாத்ததில்ல, பாக்கவும் கூடா. நீங்கதான் சொல்லோணும். ஒங்கட முடி எப்பிடி?"

நஸீரா முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டாள். சுவரில் சாய்ந்தாள். பிறகு படம் எடுக்கிறவர்கள் இருக்கிற முக்காலியில் இருந்துவிட்டாள்.

"சுருள்தான் காக்கா" என்றாள். "எனக்கு முந்தியே தெரியும். அவருக்கு எப்பவும் சுருளாது. நீங்க சொன்னது சரி எண்டு எனக்கு முதல் நாளே தெரியும்."

அவள் திரைச்சீலையைப் பார்த்தபடி தொடர்ந்தாள்.

"அவர் வருவார் எண்டு நான் பாத்துட்டு இருக்கல்ல. அவர் மௌத்துத்தான். எனக்கு ஒரு கபுர் வேணும் காக்கா. இது இவர் கிடக்கிற இடம் எண்டு சொல்ல ஓரிடம். நீங்க ஒருக்காப் பிழைச்சுப்போச்சு எண்டு சொன்னா அது எனக்குக் கிடைச்சிருக்கும். அதுக்குத்தான் வந்து வந்து கேட்ட."

உமர் காக்கா பிள்ளையைத் தூக்கித் திரைக்கு இந்தப் பக்கம் இறக்கிவிட்டார். அவருடைய கை மாத்திரம்தான் எங்களுக்குத் தெரிந்தது. "எனக்கும் அது விளங்கித்தான் இருந்திச்சு தங்கச்சி" என்றார். "ஆனா அது ஏற்கனவே ஒரு உம்மாட கபுர். எடுத்துத் தர எனக்கு உரிமையில்ல."

அன்று ஜும்மா தொழுகைக்குப் பிறகு அவர் மரியம் மாமியின் வீட்டுக்குப் போனார். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. அடுத்த வாரம் மரியம் மாமி தானாகவே நஸீராவின் வீட்டு வாசலுக்குப் போய், "வா புள்ள, ரெண்டு பேரும் போவம். அவனுகள் ரெண்டு பேரும் ஒண்டாத்தானே திரிஞ்சானுகள். அந்த ஒரு கபுர வெச்சே ரெண்டு பேருக்கும் துஆக் கேப்பம்" என்று கூப்பிட்டிருக்கிறார். எங்கள் ஊர்ப் பெண்கள் மையித்து அடக்குகிற மையவாடிக்குள் போவதில்லை. மதிலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் இருவரும் கையேந்தி நின்றதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். இன்றுவரை நிற்கிறார்கள். அதன்பிறகு நஸீரா கணவன் மௌத்து என்று ஏற்று இத்தா இருந்தாள். முடிந்ததும் வேறு கலியாணம் கதைத்தார்கள். அவள் வேண்டாம் என்றாள். அது அவளுடைய முடிவு. யாரும் அவளைத் தடுத்துவைக்கவில்லை. ஸ்டூடியோவுக்கு அவள் வருவது நின்றது.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நான் நினைத்தேன். உமர் காக்காவுக்கு மட்டும் அது முடிந்திருக்கவில்லை. தட்டுகளில் கடல்தண்ணீர் மாற்றுவதை அவர் நிறுத்தவில்லை. இனி என்னத்துக்குக் காக்கா என்று ஒருநாள் கேட்டதற்கு, "மத்தவன் இன்னும் தண்ணிக்குள்ளதானே தம்பி கிடக்கான்" என்றார். கடற்கரையில் ஏதாவது ஒதுங்கியது என்று யார் சொன்னாலும், அது கட்டையாக இருந்தாலும் ஆமையாக இருந்தாலும், கத்தரிக்கோலைப் போட்டுவிட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். வேரிலிருந்து கடின வெக்ஸ் ஏறிய ஒரு நேர்முடித் தலையை அவருடைய விரல்கள் தேடிக்கொண்டே இருந்தன. தேடியது கிடைக்காமலே அவர் போய்விட்டார்.

மையித்துக் குளிப்பாட்ட நின்றவர்கள் தலைமாட்டை என்னிடம் விட்டார்கள். இவ்வளவு காலம் பக்கத்தில் இருந்தும் அவருடைய தலையை நான் தொட்டதில்லை. நான் நினைத்ததைவிட மெல்லிய முடி. இடது கையைக் குவித்து அவருடைய நெற்றியில் வைத்துக்கொண்டுதான் தண்ணீர் ஊற்றினேன். எப்படி அந்தக் கை அங்கே போனதென்று எனக்கே தெரியாது. பக்கத்தில் நின்றவர் என்னைப் பார்த்தார். பிறகு தண்ணீரை நீட்டினார்.

அவருடைய பிள்ளைகள் சலூனை ஒதுக்கியபோது என்ன வேண்டும் என்று கேட்டார்கள். பேணியோ கத்தரிக்கோலோ நான் எடுக்கவில்லை. தட்டுகளைக் கழுவிக் கொடுத்துவிட்டு வந்தேன். எனக்கு மிஞ்சியது வேறொன்று. படம் எடுக்க வருகிறவர்களின் தலையை வெளிச்சத்துக்குத் திருப்பிவிடும்போது என் விரல்கள் இப்போது சும்மா இருப்பதில்லை. இது நேர், இது சுருள், இது மெல்லிசு என்று அவை தாமாகவே சொல்லிக்கொள்கின்றன. ஒரு காலையில் யாராவது வேனோடு வாசலில் வந்து நின்று, தம்பி ஹாஸிம், கொஞ்சம் ஏறுங்க, ஓர் ஆளைப் பார்க்கவேண்டும் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. சொன்னால் ஏறுவேன். தொட்டுப் பார்த்ததைச் சொல்வேன்.